எல்லையில் கணவர், தாய்வீட்டில் பிள்ளை பெற்ற மனைவி: ‘நன்றாக இருக்கிறேன்’ என்றால் என்ன பொருள்?

கேள்வி: நான் ராணுவத்தில் நாயக். இப்போது லடாக்கில் ஃபீல்டு பணி. சொந்த ஊர் வேலூர் பக்கம். மனைவிக்குத் தலைச்சன் பிரசவம், பெண் குழந்தை, பத்து வாரம் ஆகிறது. பிரசவத்துக்கு லீவில் வந்து இருபதாம் நாள் திரும்பிவிட்டேன். போனில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு மேல் அவள் பேசுவதில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறாள், குழந்தை அழுதாலும் தூக்குவதில்லை என்கிறார் மாமியார். இது நோயா, பச்சை உடம்பின் சோர்வா? மருந்து சாப்பிட்டால் பால் கெடுமா? மனநல மருத்துவரிடம் போனால் என் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறுமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மற்றது எல்லாம் தெரிந்தும் பலர் டாக்டரிடம் போகாமல் நிற்பது அதனால்தான். உங்கள் ரெக்கார்டில் ஏறாது. ராணுவத்தில் ‘ஷேப்’ என்று தரம் பிரிப்பது படைவீரரின் மனத்தையும் உடலையும் மட்டுமே. மனைவி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்கு அதில் இடம் கிடையாது. மனநல மருத்துவராக நான் பார்த்த வரையில் சிகிச்சைச் சீட்டு உதவிதான் செய்திருக்கிறது. டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் இருந்தால் லீவு கேட்பது சுலபம். குடும்பத்தின் உடல்நிலையைச் சொல்லி மாற்றல் கேட்பதற்கும் அதுதான் ஆதாரம்.

இனி நோயா, சோர்வா என்பது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் காரணமில்லாத அழுகை வரும். இரண்டு வாரத்தில் தானாக வடிந்துவிடும். அதற்கு மருந்து வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். உங்கள் மனைவி அந்தக் கணக்கைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. தூக்கமில்லை, குழந்தை அழுதும் கை நீளவில்லை, பேச்சு ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன். ஆனால் பேறுகால மனச்சோர்வு என்று சந்தேகித்து இந்த வாரமே காட்ட வேண்டிய நிலை இது. ‘தண்ணீர் ஊற்றி மூன்று மாதம் போனால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

மாமியாரிடம் ஒன்று கேளுங்கள்: குழந்தை தூங்கும்போது இவரால் தூங்க முடிகிறதா? குழந்தை எழுப்பித் தூக்கம் கெடுவது எல்லாத் தாய்மாருக்கும் உள்ளது. குழந்தை அயர்ந்து கிடக்கிறது, பாட்டி பார்த்துக்கொள்கிறார், அப்படியும் இவர் கண்மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்றால் அது வேறு. வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால் நான் கேட்பது இதைத்தான்.

அந்த ‘நன்றாக இருக்கிறேன்’ பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். என் அப்பாவும் படையில் இருந்தவர். நான் பிறந்தபோது ஜம்மு பக்கம் இருந்தார். ஓய்வு பெற்று அவர் கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டியில், கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே, அம்மா 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. எல்லாமே ‘நலம். நலமறிய ஆவல்’ என்று தொடங்கும். நான் பிறந்து நாற்பது நாளில் எழுதிய கடிதத்திலும் அதே வரிதான். அதற்குக் கீழே மாடு கன்று போட்ட சேதி, கூரைக்கு ஓடு மாற்றிய செலவு. அதே மாதத்தைப் பற்றிப் பெரியம்மா சொன்ன கதை வேறு. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அம்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். என்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது முழுக்கப் பெரியம்மாதான். காற்று கருப்பு அண்டியிருக்கும் என்று ஒருவரை அழைத்துவந்து விபூதிகூடப் போட்டார்களாம். மனநல மருத்துவம் படித்து முடித்த பிறகு இதை அம்மாவிடம் கேட்டேன். ‘துப்பாக்கி பிடித்து நிற்கிற மனிதருக்கு இதையெல்லாம் எழுதுவார்களா?’ என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

உங்கள் மனைவி சொல்வதும் அதே ‘நலம்’தான். அதை உடல்நிலை அறிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு எதையாவது சொல்வதற்கு அவருக்கு வசதி இருந்திருக்கிறதா என்றும் யோசியுங்கள். உங்களுக்கு டவர் கிடைப்பது கொஞ்ச நேரம். இந்தப் பக்கம் ‘ஸ்பீக்கரில் போடு’ என்று ஒரு குரல் வரும். மாமனார், மாமியார், மச்சான் எல்லோரும் விசாரித்து முடித்த பிறகு கடைசி இரண்டு நிமிடம் போன் அவர் கைக்கு வருகிறது, சுற்றிலும் நாலைந்து முகங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு ‘எனக்கு இந்தக் குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது’ என்று எந்தப் பெண் சொல்வாள்?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் விசித்திரம் இல்லை. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிள்ளை பெற்ற பெண்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்பது அதன் கணக்கு. நம் ஊருக்கே உரிய ஆய்வும் ஒன்று உண்டு. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் 359 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். வீட்டுக்கு வீடு படைவீரர் என்று பெயரெடுத்து ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை இருப்பது அதே ஒன்றியத்தில்தான். ஆய்வு ராணுவக் குடும்பங்களைக் குறிவைத்து நடந்ததல்ல. ஆனால் மனச்சோர்வுக்கு வழிவிட்டவை என்று அது கண்டதைப் படியுங்கள்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த இழப்புகள், கைவேலைக்கு ஆளில்லாமை. இதில் பலவற்றில் கணவர் பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தையாவது சொல்லித் தடுத்திருப்பார். படைவீரர் வீட்டில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

அந்தக் காலி நாற்காலிக்கு விலை உண்டா என்று அமெரிக்காவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஃபோர்ட் பிராக் ராணுவ மருத்துவமனையில் பிரசவித்த 397 பெண்களை வைத்து 2015-ல் ஒரு ஆய்வு வெளியானது. கணவர் போர்முனைக்குப் போயிருந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்குப் பேறுகால மனச்சோர்வு. கணவர் ஊரில் இருந்தவர்களில் 6 சதவீதம். அங்கே அந்தப் பெண்கள் ராணுவக் குடியிருப்பில் இருப்பார்கள், நம் பெண்கள் ஊரில் கூட்டுக் குடும்பத்தில் இருப்பார்கள். அதனால் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டுக் குடும்பம் என்றாலே துணை என்றும் சொல்லமாட்டேன். பத்துப் பேர் உள்ள வீட்டில் பேச ஆளில்லாமல் கிடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் லீவுக் கணக்கு இதை எப்படி மோசமாக்குகிறது என்று கவனியுங்கள். நீங்கள் வந்த இருபது நாளும் வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி, காப்பு, பெயர் சூட்டல், பார்க்க வருகிற உறவு. நீங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கியதும் அவர்களும் கலைந்திருப்பார்கள். மனச்சோர்வு பல பெண்களுக்குத் தலைகாட்டுவது அதற்குப் பிறகு வரும் வாரங்களில்தான். இரண்டாவது இடறல் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் நாள். மற்றப் பெண்கள் அன்று கணவர் வீட்டுக்குப் போகிறார்கள். இவர் கணவர் இல்லாத வீட்டுக்குப் போகிறார். சம்பளம் விழும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை அங்கே யார் கையில் இருக்கிறது? குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து வாங்கவும் கை நீட்ட வேண்டியிருக்கிறதா? இது குடும்பச் சண்டை மூட்டும் கேள்வி என்று நினைக்காதீர்கள். நான் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

சரி, இன்று செய்ய வேண்டியது. அவர் மட்டும் தனியாக இருக்கும் நேரத்தை மாமியாரிடம் கேட்டு வாங்குங்கள். குழந்தையைப் பாட்டி எடுத்துக்கொள்ளட்டும், ஸ்பீக்கர் வேண்டாம். ‘எப்படி இருக்கிறாய்’ என்று தொடங்கினால் பழைய விடைதான் வரும். ‘நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய், எப்போது எழுந்தாய்’ என்று கேளுங்கள். ‘இன்று என்ன சாப்பிட்டாய், ருசித்ததா’ என்று கேளுங்கள். ‘நீ கஷ்டம் சொன்னால் எனக்கு இங்கே வேலை கெடாது, சொல்லாவிட்டால்தான் என் நினைப்பெல்லாம் அங்கேயே இருக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மா காலத்தில் யாராவது அந்த அனுமதியைக் கொடுத்திருந்தால் அந்த இன்லண்ட் கடிதத்தின் இரண்டாவது வரி வேறாக இருந்திருக்கும்.

பேறுகால மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ வினாத்தாள் என்று ஒன்று இருக்கிறது. 1987-ல் உருவாக்கியது, பத்தே கேள்விகள், ஐந்து நிமிடம் ஆகும், மொத்த மதிப்பெண் 30. தமிழில் சோதித்துப் பார்த்த வடிவமும் உண்டு. பல நாடுகளில் 13-ஐ எல்லையாக வைக்கிறார்கள். நம் பெண்கள் துயரத்தை அவ்வளவு தாராளமாக ஒப்புக்கொள்வதில்லையோ என்னவோ, தமிழ் வடிவத்தில் 9 வந்தாலே கவனிக்க வேண்டும் என்று தெரியவந்தது. அதன் பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை நீங்களே நேராகக் கேட்கலாம்: ‘செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட பிறகு பல பெண்கள் பெருமூச்சு விட்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்றால் அன்றே டாக்டர், அதுவரை தனியாக விடக்கூடாது, வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரை டப்பாக்களையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், மனப்பிறழ்வு வரும். தூக்கமே வேண்டாம் என்ற துடிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, காதில் குரல் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்ற நம்பிக்கை. ஊரில் இதைத்தான் பேய் என்பார்கள். கோவிலுக்கு அழைத்துப் போவதானால் குணமான பிறகு போகட்டும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக்கூடாது.

எங்கே போவது? இ.சி.எச்.எஸ். என்று யாராவது சொன்னால் அது ஓய்வுபெற்ற படையினருக்கான மருத்துவத் திட்டம். இந்தக் குழப்பத்தில் அலைந்து திரும்பியவர்கள் நிறைய. பணியில் உள்ளவரின் மனைவிக்கு ராணுவ மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு. பெங்களூரு கமாண்ட் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆனால் பத்து வாரக் குழந்தையோடு முதல் தடவையே அவ்வளவு தூரம் வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், செலவில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவது பழைய வழக்கம். நிலைமை கடுமையாக இருந்தால், பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்து வைத்துக் கவனிக்கும் பிரிவு 2009-ல் ஐந்து படுக்கையோடு தொடங்கியது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், மருத்துவமனையில் சேர்க்கப்படும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் குழந்தையைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று பயந்தே வாய் திறக்காத பெண்கள் உண்டு. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நேரில் போவதற்குள் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 முதல் இதன் தனிப் பிரிவு இயங்குகிறது.

டாக்டரிடம் போகும்போது தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும், ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும், அல்லது அதோடு சேர்ந்துகொள்ளும்.

பால் கெடுமா? செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகவே இறங்குகின்றன. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிட உலகெங்கும் முதலில் எழுதப்படுவதில் அது ஒன்று. எல்லா மாத்திரையும் அப்படியில்லை என்பதால் பால் கொடுக்கிறேன் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்துவதும், இரண்டாம் மாதத்தில் ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்துவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும்.

லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். இதற்கு எனக்குப் பிடித்த சான்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, முகம் சுளிக்காதீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி சுற்றுவட்டக் கிராமங்கள். அதுவும் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் மண். அங்கே நம் கிராம சுகாதாரச் செவிலியர் போன்ற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மார்களை வீட்டில் போய்ப் பார்த்துப் பேசச் சொன்னார்கள். 2008-ல் வந்த முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. பயிற்சி பெறாத பெண்கள் வெறுமனே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த தாய்மார்களில் அது 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கையேடாகவே வெளியிட்டது.

வீட்டில் செய்யக்கூடியதில் முதலிடம் தூக்கத்துக்கு. இரவில் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம். ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்தால் பாட்டியோ சித்தியோ கொடுத்துவிடலாம். உங்கள் மாமியார் கேலி செய்யாமல் கவலைப்பட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவரைக் கையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘பெண் குழந்தை என்று வருத்தமா’ என்று விருந்தாளி யாராவது கேட்டால் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பும் வேலையும் அவருக்குத்தான்.

குணமாவது எப்படித் தெரியும்? சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள், அது கடைசியில் வரும். என்னிடம் வந்த ஒரு ஹவில்தாரின் மனைவி ஆறு வாரமும் குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்காருவார். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு நடுக்கன்னத்தில் பெரிதாக இருக்கும், மாமியார் வைத்தது. ஏழாவது வாரம் பொட்டு காதோரம் சின்னதாக இருந்தது. ‘அத்தை வைத்தால் கன்னமெல்லாம் அப்பிவிடுகிறார்’ என்று முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பை நான் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொண்டேன். சாம்பாரில் உப்பில்லை, பனியன் சரியாகத் துவைக்கவில்லை என்று உங்கள் மனைவி போனில் குறைப்பட ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள். நடுவில் இரண்டு நாள் பழையபடி சரியும். அது நோய் திரும்பியதாக ஆகாது, இரண்டு வாரம் நீடித்தால்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் யூனிட்டில் முதலில் பேச வேண்டியது யூனிட் டாக்டரிடம், பிறகு கம்பெனி கமாண்டரிடம். ராணுவ மனைவியர் நலச் சங்கமான ஆவா 1966 முதல் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: கணவரின் பதவிதான் அங்கே மனைவியின் நாற்காலி வரிசை என்று நினைக்கும் பெண்கள் அதிகாரியின் மனைவியிடம் மனம் திறக்கமாட்டார்கள். உங்கள் மனைவிக்கு விருப்பமிருந்தால் மட்டும் அந்த வழி. மிச்சமிருக்கும் ஆண்டு லீவையும் கேஷுவல் லீவையும் ஒரே மூச்சில் எடுக்காமல் பிரியுங்கள். அவர் புகுந்த வீட்டுக்குப் போகும் வாரத்தில் பத்து நாளாவது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அடுத்து குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷன் கிடைத்து குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு வரும்போது, அவர் முழுதாகத் தேறாத நிலையில் மொழி தெரியாத ஊருக்கு உடனே அழைத்துப் போகலாமா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நீங்களும் ஒருமுறை உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுத் தந்தையரில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. லீவில் வரும்போது குழந்தை உங்களைப் பார்த்து அலறும். ஆறு மாதத்துக்கு மேல் வேற்றுமுகம் கண்டால் எல்லாக் குழந்தையும் அழும். அதற்கு மனம் ஒடியாதீர்கள். தூக்கம் போய்விட்டது, காவல் நிற்கும்போது நினைப்பு எங்கோ போகிறது என்றால் அதையும் யூனிட் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். கையில் ஆயுதத்தோடு இருப்பவர் இதில் தாமதிக்கக்கூடாது.

இரண்டு நாள் கழித்து எனக்கு எழுதுங்கள். குழந்தை தூங்கும்போது அவர் தூங்குகிறாரா, பத்தாவது கேள்விக்கு என்ன சொன்னார், எந்த டாக்டரிடம் எந்தத் தேதிக்குப் போகிறார்கள், இந்த மூன்றும் வேண்டும்.